பதினாறு நட்டு, பதினாறு பொட்டு

மார்ச் 4

ஒர்க்‌ஷாப் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடையில் போன மாதம் சர்வீஸ் முடித்து வெளியே வந்த வெள்ளைக் கார் சம்பந்தமாக இதை எழுதுகிறேன். தங்கையாக எழுதவில்லை, வாடிக்கையாளராக எழுதுகிறேன். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

போன் செய்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் பேசினால் இந்தத் தெருவுக்கே கேட்கும், தங்களுக்கு மட்டும் கேட்காது. மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அது சரி என்கிறதா, போடி என்கிறதா என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை. ஆகவே கடிதம். நம் மீசைக்காரர்தான் இப்போதும் இந்த வழியில் பஸ் ஓட்டுகிறார். காலையில் அங்கிருந்து கிளம்பி மதியம் இங்கே வருகிறார், சாயங்காலம் திரும்புகிறார். உங்களுக்கு உதிரி பாகம் கொண்டுவந்து கொடுப்பது மாதிரி இதையும் கொண்டுவந்து கொடுப்பார்.

விஷயம் இதுதான். வண்டி ஆடுகிறது. பத்து நாளாக ஆடுகிறது. வேகம் எடுத்தால் ஆடுகிறது, இப்போது பிரேக் பிடித்தாலும் ஆடுகிறது. நான் தனியாக ஓட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, இரண்டு பேரை டயாலிசிஸ் செய்ய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒருவர் டெய்லர், இன்னொருவர் டீச்சர். நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்து வருபவர்களுக்கு நடந்தாலே தலை சுற்றும். போன புதன்கிழமை திரும்பி வரும்போது டீச்சர் வண்டியிலேயே வாந்தி எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் அம்மா என்னைக் கூப்பிட்டு, இந்த மாதம் இருபதாம் தேதி தானே ஏறி உட்கார்ந்து பார்ப்பதாகவும், வண்டி சரியில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

ஒரு மாதத்தில் நானே திரும்பி வந்துவிடுவேன் என்று தாங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டாம். இன்னும் தேதி இருக்கிறது.

இங்கே டயர் கடைக்காரர் முன் சக்கரங்களை பேலன்ஸ் செய்யச் சொல்கிறார். செய்யலாமா என்று மட்டும் எழுதவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

மார்ச் 6

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

ஆடுகிறது, ஆடுகிறது என்று நாலு தரம் எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருஷம் இந்தக் கடையில் குப்பை கொட்டிவிட்டு இப்படி எழுத வெட்கமாக இல்லையா? வருகிற வாடிக்கையாளர் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் எங்கே ஆடுது, எப்போ ஆடுது, எதுல தெரியுதுன்னு தோண்டித் தோண்டிக் கேட்டது யார்? நான் இல்லை. எனக்குத்தான் அவர்கள் சொல்வது காதில் விழாதே.

ஸ்டியரிங் கையில் அதிர்கிறதா, சீட்டில் அதிர்கிறதா? ஸ்டியரிங் என்றால் முன்பக்கம், சீட் என்றால் பின்பக்கம் என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, இன்னும் வேகமாகப் போனால் அடங்குகிறதா, கூடுகிறதா? எழுபதில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் என்ஜின் மேல் பழி போட முடியாது, சக்கரம்தான். பிரேக் பிடிக்கும்போது பெடல் காலை உதைக்கிறதா? எங்கேயாவது பள்ளத்தில் விட்டீர்களா? விட்டிருந்தால் மழுப்பாமல் எழுதவும். நீங்கள் மழுப்பினால் எனக்குத் தெரியும், ஆனால் இங்கிருந்து தெரியாது.

அப்புறம் மஞ்சள். தெரியாத வாடிக்கையாளர் என்பதால் விளக்கிச் சொல்கிறேன். என் காது மங்க ஆரம்பித்த வருஷத்திலிருந்து இந்தக் கடையில் ஒரு வழக்கம். சக்கரத்தை மாட்டி நட்டை நான் முறுக்குவேன். அதற்கு மேல் இன்னொரு ஆள் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும். சரியான இறுக்கம் வந்ததும் ரெஞ்சு 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது, அந்த ஆளுக்குக் கேட்கும். கேட்ட நட்டின் தலையில் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்த நட்டை அதற்கப்புறம் யாரும், நான் உட்பட, தொடக் கூடாது. நாலு சக்கரம், பதினாறு நட்டு, பதினாறு பொட்டு. வண்டியைச் சுற்றி வந்து பதினாறும் இருக்கிறதா என்று பார்த்து எழுதவும். அது தெரிந்தால்தான் நான் மேலே யோசிக்க முடியும்.

பேலன்ஸ் செய்வதால் கெட்டுப்போகாது. ஆனால் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சந்தோஷப்படுகிறேன் என்று யார் சொன்னது?

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப்

மார்ச் 9

ஒர்க்‌ஷாப் அவர்களுக்கு,

கேள்விக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில்கூட உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இவ்வளவு கேட்பார்கள்.

எழுபதில் ஆரம்பிக்கிறது. எண்பதைத் தாண்ட இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளினேன், அப்போதும் அப்படியே இருந்தது. ஆகவே என்ஜின் இல்லை. பெடல் உதைக்கவில்லை. பிரேக் பிடித்தால் வண்டியின் தரை முழுக்க ஒரு நடுக்கம் ஓடி, நின்ற பிறகுதான் நிற்கிறது. ஸ்டியரிங் என் கையில் அசையாமல்தான் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு வாரமாக நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பிடித்து, எது வண்டியின் நடுக்கம், எது என் கை நடுக்கம் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

பள்ளம். ஆமாம், ஒன்று. வந்த முதல் வாரத்தில், ஆஸ்பத்திரி வாசலில், தண்ணீர் தேங்கியிருந்ததால் தெரியவில்லை. பெரிய பள்ளம் இல்லை. நடுத்தரம்.

முன் சக்கரம் இரண்டையும் பேலன்ஸ் செய்தாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. தாங்கள் சொன்னது பலித்துவிட்டது, மாலை போட்டுக்கொள்ளவும். டயர் கடைக்காரர் இப்போது முன் பிரேக் டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார். அவர் ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து முழு வண்டியையும் மாற்றிவிடுவார் போலிருக்கிறது.

மஞ்சள் பதினாறும் இருக்கிறது. வைத்தவளே சொல்கிறேன்.

டெய்லரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எப்போதும் பின் சீட்டில் இடது பக்கம் உட்காருவார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவர் இடது கையில் ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் எப்போதும் விர்ரென்று ஒரு துடிப்பு இருக்கும். அது நின்றுபோனால் ஆபத்து என்பதால், மற்றவர்கள் மணிக்கட்டில் மணி பார்ப்பது போல அவர் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். நேற்று திரும்பி வரும்போது பார்த்தேன், தொடுகிறார், எடுக்கிறார், மறுபடி தொடுகிறார். என்ன என்று கேட்டேன். "வண்டியில ஏறிட்டா எது கை, எது வண்டின்னு தெரிய மாட்டேங்குதும்மா" என்றார். நாற்பது வருஷம் மெஷினில் தைத்தவர். நடுக்கம் தன் காலுக்குக் கீழே இருந்துதான் வருகிறது என்று அடித்துச் சொல்கிறார்.

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போகிறேன், மறுபடி வெளியே வந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்காரம்மா திருட்டுப் பயமா என்று கேட்கிறார்.

வாடிக்கையாளர்

மார்ச் 11

வாலுக்கு,

வாடிக்கையாளர் விளையாட்டு போதும். டெய்லர் சொல்வது சரி. உன்னை விட, உன் டயர் கடைக்காரரை விட, அந்த மனிதர் கெட்டிக்காரர். முன்பக்கத்தைத் தொட விடாதே. பின்பக்கம்தான், அதுவும் இடது.

புதன்கிழமை இதைச் செய். டெய்லரை முன்னால் உட்கார வைத்து டீச்சரைப் பின்னால் இடது பக்கம் உட்கார வை. அவருக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று கேள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பின் சக்கரங்கள் இரண்டின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோ. ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பிரேக் டிரம்மில் ஏதோ பிடிக்கிறது. டயரின் உள்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார், அந்தப் பள்ளத்தில் விழுந்து எங்கேயாவது வீங்கியிருக்கலாம். நடுத்தரப் பள்ளமாம். நீ நடுத்தரம் என்றால் அது குளம்.

பேரிங் போயிருக்குமோ என்றும் யோசிக்கிறேன். பேரிங் என்றால் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். உனக்குக் கேட்டிருக்கும், எழுதியிருப்பாய். நட்டு என்று சந்தேகப்பட்டிருப்பேன். மஞ்சள் இருக்கிறது என்று எழுதிவிட்டாய், அதனால் அந்தக் கதவை மூடிவிட்டேன். அதைத் தொடாதே.

இங்கே வேலை நடக்கிறது. நட்டு முறுக்கிவிட்டு நானே ரெஞ்சும் வைக்கிறேன். டிக் என்பது உள்ளங்கையில் ஒரு சின்ன உதறலாகத் தெரிகிறது. தெரிகிறதா, தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று சந்தேகம் வந்து ஒவ்வொரு நட்டையும் மூன்று தரம் பார்க்கிறேன். முந்தாநாள் ஒரு வண்டி கேட்டைத் தாண்டிய பிறகு ஓடிப்போய் நிறுத்தி மறுபடி பார்த்தேன். உள்ளே இருந்தவர் என்னவோ சொன்னார், நல்ல வார்த்தையாக இருக்காது, வாயசைவிலேயே தெரிந்தது. மஞ்சள் டப்பாவைத் திறக்கவே இல்லை. என் வேலைக்கு நானே பொட்டு வைத்துக்கொள்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

உன்னைத் திரும்பி வரச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தகவலுக்காகச் சொன்னேன்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணனுக்கு,

எல்லாம் செய்தேன். டெய்லரை முன்னால் உட்கார வைத்தேன். பாதி வழியிலேயே, தொல்லை குறைந்துவிட்டது என்று தூங்கிப்போனார். டீச்சரைப் பின்னால் வைத்தேன். அவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார், அந்தச் சின்ன பாட்டிலை மடியிலேயே வைத்திருப்பார். குடிக்க முடியாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வருவதுதான் அவர் பொழுதுபோக்கு. எழுபதில் போகும்போது, தண்ணீர் நடுங்குகிறது என்று அவரே சொன்னார். முன் சீட்டில் இருந்தபோது அந்த பாட்டில் இந்த ஆட்டம் போட்டதில்லையாம். ஆகவே பின்னால் இடது பக்கம்தான், சந்தேகமே இல்லை.

டிரம் சூடு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. டயரில் வீக்கம் இல்லை. ஊளைச் சத்தம் இல்லை. ஆனால் நேற்றிலிருந்து புதிதாக ஒன்று. மெதுவாகப் போய் வலது பக்கம் திரும்பினால் பின்னால் 'டொக்' என்கிறது. ஒரு தரம்தான். ஏதோ கதவைத் தட்டிவிட்டுப் பேசாமல் நிற்கிற மாதிரி.

நாளை வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி நாள். அவர்களை விட்டுவிட முடியாது. ஒரு வேளை டயாலிசிஸ் தவறினால் டீச்சருக்கு மூச்சு வாங்கும். அறுபதுக்கு மேல் போக மாட்டேன்.

இதற்குக் கீழே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயல வேண்டாம். நீ செய்வாய் என்று தெரிந்துதான் நன்றாக அடித்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பொட்டு வைத்த நட்டு இளகுமா?

தங்கை

மார்ச் 15, காலை

வாலு,

வண்டியை எடுக்காதே. இதைப் படிக்கும்போது வண்டியில் இருந்தால் இறங்கிவிடு. நேற்று உன் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுத்தாயா, எடுத்துப் பேசினாயா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. மெசேஜும் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதி மீசைக்காரர் கையில் கொடுக்கிறேன். வீட்டு வாசலில் போட்டுவிட்டு வரக் கூடாது, உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இளகாது. டிக் கேட்டு வைத்த பொட்டு என்றால் இளகாது. பதினோரு வருஷத்தில் ஒன்று இளகியதில்லை. நீ அப்படிக் கேட்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

உன்னைக் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மூன்று சக்கரம் முழுதாக முறுக்கினேன், நீ பார்த்துப் பொட்டு வைத்தாய். நாலாவது, பின் இடது. மாட்டி, நட்டுகளை ஸ்பேனரால் ஓட்டி மட்டும் விட்டேன். ஜாக்கியை இறக்கியாயிற்று, முழு இறுக்கம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள்தான் நீ கடையை விட்டு வண்டி ஓட்டப் போகிற பேச்சு முற்றியது. நீ சொன்னதைச் சொன்னாய், நான் சொன்னதைச் சொன்னேன், ரெஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் வெளியே வந்தபோது நீ கேட்டில் திரும்பிக்கொண்டிருந்தாய். அந்தச் சக்கரத்தில் நாலு மஞ்சள் தெரிந்தது. நான் இறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஓடி வந்து நிறுத்தியிருக்க வேண்டும். மஞ்சள் இருக்கிறதே, அவளே இறுக்கியிருப்பாள் என்று நினைத்து என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். என் ரெஞ்சு என் கையிலேயே இருந்தது. எதை வைத்து இறுக்கியிருப்பாய் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். கோபத்தில் அந்த ஒரு நிமிஷத்தை உனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

வண்டியை எடுக்காதே.

அண்ணன்

மார்ச் 15, மதியம்

அண்ணனுக்கு,

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும். நேற்று அடித்த மூன்று வரியை இன்று முழுதாக எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ ரெஞ்சோடு உள்ளே போய்விட்டாய். நாலாவது சக்கரம் பார்க்காமல் கிடக்கிறது. உள்ளே வந்து ரெஞ்சைக் கொடு என்று உன்னிடம் கேட்க வேண்டும். அதற்கு நான் செத்துப்போகலாம் என்றிருந்தது. நீ முறுக்கியிருப்பாய், நீ முறுக்கினால் சரியாகத்தான் இருக்கும், இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட நான் உன்னைத் திருத்த வேண்டி வந்ததில்லை. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பிரஷை முக்கி நாலு பொட்டு வைத்துவிட்டுக் கிளம்பினேன். டிக் கேட்கவில்லை. கேட்காமல் வைத்தேன். நீ பதினாறும் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது என்று எழுதினேன். குனிந்து பார்க்கக்கூட இல்லை, அண்ணா. பார்க்கப் பயம்.

இன்று திரும்பி வரும்போது ஆறு வழிச் சாலையில், பின்னால் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம். ஓரம் கட்டினேன். டெய்லரும் டீச்சரும் இரண்டு பேருமே உள்ளே இருந்தார்கள். இறங்கிப் போய்க் குனிந்தேன். மூன்று நட்டுதான் இருந்தது. நாலாவது இடத்தில் போல்ட் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. மீதி மூன்றில் இரண்டு, விரலால் தொட்டதும் சுற்றின. என் மஞ்சள் பொட்டும் சேர்ந்து சுற்றியது.

டெய்லர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். நிற்கவே முடியாத மனிதர். "என்னம்மா, கழண்டுடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். யார் மேல் தப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்சி பிடித்து இருவரையும் அனுப்பினேன். டீச்சர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பயப்படாதே என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் முதல் பரீட்சையில் தோற்ற பிள்ளையைத் தட்டுவது அப்படித்தான் இருக்கும்.

வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் போட்டிருக்கிறேன். இனி தொட மாட்டேன். நீ ஜெயித்துவிட்டாய், நான் ஓட்டிப் பிழைக்க லாயக்கில்லை என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதை எழுதினால் அதுவும் மழுப்பல்தான். ஓட்டத் தெரியாமல் இது நடக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் நடந்தது.

காது கேக்காத ஆளோட கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு என்று அன்றைக்கு உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீ வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாய் என்று தெரிந்து மெதுவாக வேறு சொன்னேன்.

வாலு

மார்ச் 18

(இந்தக் கடிதம் வண்டியின் முன் சீட்டில் இருக்கும்.)

வாலுக்கு,

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடை கடையாக அலைந்து உன் வண்டிக்குப் பொருந்தும் ரிம் ஒன்று தேடிப் பிடித்து, அதில் டயரும் மாட்டினேன். இன்று காலை மீசைக்காரரின் பஸ்ஸில் டயரும் நானும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் வந்தோம். டயருக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னார், ஜோக் என்று நினைத்தேன், ஜோக் இல்லை.

நீ வேறு வண்டியில் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாக உன் வீட்டுக்காரம்மா எழுதிக் காட்டினார். நல்லது. பின் இடது பக்கம் போல்ட் நாலையும் புதிதாகப் போட்டிருக்கிறேன். பழைய ரிம்மில் துளைகள் அகன்று ஓவலாகிவிட்டன, அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் பத்து கிலோமீட்டர்கூடத் தாங்கியிருக்காது. உன் வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பேரிங், டிரம் எல்லாம் பார்த்தேன், தப்பித்திருக்கிறது. மற்ற மூன்று சக்கரத்தையும் கழற்றி மாட்டினேன். பழைய பொட்டுகளைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன். பதினாறிலும் இப்போது மஞ்சள் கிடையாது.

பதினாறையும் முறுக்கியிருக்கிறேன். ரெஞ்சும் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை, எனக்குக் கேட்காது. ரெஞ்சையும் மஞ்சள் டப்பாவையும் பிரஷையும் டிக்கியில் வைத்திருக்கிறேன். நீ பார்க்காமல் இந்த வண்டி நகரக் கூடாது.

இருந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். மணி மூன்றாகிவிட்டது, உன்னைக் காணோம். வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உன்னைப் பார்த்தால் முதலில் திட்டுவேனா, அழுவேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் உன் வீட்டுக்காரம்மா முன்னால் வேண்டாம். நாலு மணி பஸ்ஸுக்குப் போகிறேன்.

ஒரு மாதத்தில் திரும்பி வருவாய் என்று நான் சொன்னது, வர வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அதைச் சொல்லத் தெரியாமல் அப்படிச் சொன்னேன். நீ கத்தினது எனக்குக் கேட்கவே இல்லை, வாலு. நீ பேசினாலே வாயசைவில் எனக்குப் புரியும், கத்த வேண்டியதில்லை. அதை இத்தனை வருஷத்தில் உன்னிடம் சொன்னதில்லை. நீ பக்கத்தில் வந்து கத்துவது எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணன்

மார்ச் 20

அண்ணனுக்கு,

பத்து நிமிஷம் காத்திருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும்? உன் பஸ் தெருமுனையில் திரும்புவதை நான் பார்த்தேன். ஓடினேன், கத்தினேன். மீசைக்காரருக்கும் காது போய்விட்டதா?

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மீசைக்காரர் என் கடிதத்தை வாங்கிக்கொண்டு உன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். நான் என் தப்பை எழுதிக் கொடுத்த கையில் நீ உன் தப்பை எழுதிக் கொடுத்திருக்கிறாய். பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து படித்தேன். நீ போன் அடித்ததும் மெசேஜ் போட்டதும் அதற்கப்புறம்தான் தெரிந்தது, என்ன பதில் வருமோ என்று பயந்து வியாழக்கிழமையே போனை அணைத்துப் போட்டிருந்தேன். யாரோ ஒரு பெண் பக்கத்தில் வந்து, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். ஆகவில்லை என்று சொன்னதும்தான் அதிகமாக அழுகை வந்தது.

நேற்று காலை பொறுமையாக உட்கார்ந்து பதினாறையும் பார்த்தேன். வேலை பழகின காலத்தில் நீ வேண்டுமென்றே ஒரு நட்டை இளக்கிவிட்டு நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்ப்பாயே, அந்தப் புத்தி இன்னும் இருக்கும் என்று இரண்டாவது தரமும் சுற்றி வந்தேன். ஒன்றும் இளகவில்லை. பதினாறு டிக். ஒவ்வொன்றும் கேட்டது. உன் உள்ளங்கை சரியாகத்தான் சொல்கிறது, இனி மூன்று தரம் பார்த்துக் கையை நோகடித்துக்கொள்ளாதே. பதினாறு பொட்டும் வைத்துவிட்டேன். பின் இடது பக்கம் வைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தாமதித்தது.

ஒன்று கவனித்தேன். கடையில் இருக்கிற ஒரே டார்க் ரெஞ்சு இதுதான். ஊர் முழுக்க அலைந்து ரிம் தேடின ஆளுக்கு இது ஞாபகம் இல்லாமல் போகாது. நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு நட்டுகளை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாய், எனக்கு மட்டும் அதை எழுதாமல் விட்டிருக்கிறாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன். நீ முறுக்கு, நான் கேட்கிறேன். திங்கள்கிழமை ஆஸ்பத்திரி நாள், அன்று காலைக்குள் இங்கே திரும்பிவிடுவேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே வந்து நீ செய்த வண்டிகளுக்குப் பொட்டு வைக்க முடியும். அதற்கு மேல் கேட்காதே. அதுவரை எந்த வண்டியையும் கேட்டைத் தாண்ட விடாதே.

சூப்பர்வைசர் அம்மா இன்று வந்தார். பின் சீட்டில் டெய்லருக்குப் பக்கத்தில் ஏறி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சரின் பாட்டிலை அவர் மடியில் கொடுத்தேன். எழுபது, எண்பது, தொண்ணூறு. கண்ணாடி மாதிரி நின்றது தண்ணீர். அப்புறம் ஆளில்லாத இடத்தில் சொல்லிவிட்டு பிரேக்கை அழுத்தினேன். அந்த அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு, போகலாம் என்று மட்டும் சொன்னார்.

டெய்லர் பழையபடி பின்னால் இடது பக்கம், அந்தச் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்தார். வேறு இடம் கொடுத்தும் மாட்டேன் என்றுவிட்டார். வழி முழுக்க நான் கண்ணாடியில் அவரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது இடது கையில் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சீட்டிலேயே திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து, "இப்போ கை மட்டுந்தாம்மா துடிக்குது" என்றார்.

வாலு